மதிப்பெண்ணும் வாதமும்: பாப் டிலனின் ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’ ஆல்பத்தை முன்வைத்து ரசிகர் திறனாய்வு பற்றிய ஓர் ஆய்வு

பாப் டிலனின் முப்பதாவது ஸ்டுடியோ ஆல்பமான ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’ 1997 செப்டம்பர் 30 அன்று வெளிவந்தபோது அவருக்கு வயது 56. 1990இல் வந்த ‘அண்டர் த ரெட் ஸ்கை’க்குப் பிறகு ஏழாண்டுகள் அவர் சொந்தப் பாடல்கள் கொண்ட ஆல்பம் எதையும் தரவில்லை. இடையில் 1992, 1993 ஆண்டுகளில் வந்த இரண்டும் பழைய நாட்டார் பாடல்களையும் புளூஸ் பாடல்களையும் அவர் கிட்டாரோடு தனியாகப் பாடிய தொகுப்புகள். எழுத்தாற்றல் வற்றிவிட்டது என்று பலர் முடிவுகட்டியிருந்த வேளையில் வந்த இந்த ஆல்பம், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை 1998இல் பெற்றது. ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழ் விமர்சகர்களிடையே ஆண்டுதோறும் நடத்திய கணிப்பிலும் முதலிடம் இதற்கே கிடைத்தது.

விருதுக் குழுவின் வேலையும் இதழ் விமர்சகர்களின் வேலையும் ஏறக்குறைய அத்துடன் முடிந்தன. ரசிகர்களின் வேலை முடியவில்லை. பதினொரு பாடல்களுக்கும் பத்துக்கு இத்தனை என்று தனித்தனியே மதிப்பெண் இடுவதும், அவற்றை வரிசைப்படுத்துவதும், ஒருவருடைய வரிசையை இன்னொருவர் காரணத்தோடு மறுப்பதும் கால் நூற்றாண்டு கடந்தும் நடந்துவருகின்றன. இந்த வழக்கத்தைக் கல்விப்புலம் எப்படிப் பார்க்கிறது? பியர் பூர்தியூ 1979இல் எழுதிய ‘டிஸ்டிங்ஷன்’ நூலின் வழியில் செல்பவர்கள் ரசனையை வர்க்க அடையாளமாக வாசிக்கிறார்கள். ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் எழுதிய ‘டெக்ஸ்சுவல் போச்சர்ஸ்’ ரசிகர்களைப் படைப்பில் பங்கெடுப்பவர்களாகக் காட்டியது. இரண்டு பார்வைகளும் பயனுள்ளவை. ஆனால் ரசிகர் சொல்லும் தீர்ப்பு சரியா, தவறா என்ற கேள்வியை இரண்டும் ஒதுக்கிவைக்கின்றன. பாடல்களின் தரம் பற்றி வாதிடுவதே வெகுசன இசைப் பண்பாட்டின் மையச் செயல் என்று 1996இல் ‘பெர்ஃபார்மிங் ரைட்ஸ்’ நூலில் வாதிட்ட சைமன் ஃப்ரித் அந்தக் கேள்வியை மீட்டெடுத்தார். இக்கட்டுரை அவர் வழியில் ஓர் அடி முன்னே செல்ல முயல்கிறது. மதிப்பெண் மிகப் பலவீனமான கருவி. ஆனால் அது கிளப்பிவிடும் வாதம் முறையான திறனாய்வாகும். டிலனின் இந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை, தொழில்முறை விமர்சனம் அவசரத்தில் கடந்துபோன மூன்று சிக்கல்களை அந்த வாதமே எடுத்துப் பேசியது.

1. சராசரி எதை மறைக்கிறது

பாட்டுக்கு மதிப்பெண் இடுவது ரசிகர்கள் கண்டுபிடித்ததல்ல. இசை விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969 முதல் ஆல்பங்களுக்குப் பள்ளித் தேர்வைப் போல எழுத்துத் தரம் வழங்கிவந்தார். ஆனால் அவர் மதிப்பிட்டது பெரும்பாலும் ஆல்பத்தை முழுமையாக. பாடல் பாடலாகப் பிரித்து எடைபோடுவதே ரசிகர்களின் தனி வழக்கம். அதன் பலவீனம், ஆல்பத்தின் இறுதிப் பாடலான ‘ஹைலேண்ட்ஸ்’ வரும்போது பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

பதினாறரை நிமிடம் ஓடும் இந்தப் பாடல், 2020இல் ‘மர்டர் மோஸ்ட் ஃபவுல்’ வரும்வரை டிலன் வெளியிட்டவற்றில் மிக நீளமானதாக இருந்தது. ஒரே கிட்டார் இழை தொடக்கம் முதல் முடிவுவரை மாறாமல் சுழல்கிறது. தலைப்பு ராபர்ட் பர்ன்ஸின் ஸ்காட்லாந்துக் கவிதையை நினைவூட்டுகிறது. நடுவில் பாஸ்டன் நகரத்து உணவகக் காட்சி ஒன்று வருகிறது: கிட்டத்தட்ட ஆளே இல்லாத உணவகம், தன்னை வரையும்படி பரிமாறும் பெண் கேட்கிறாள், கதைசொல்லி கைத்துடைப்புத் தாளில் வரைந்து தருகிறார், அது தன்னைப் போல இல்லை என்கிறாள் அவள். பேச்சு பெண் எழுத்தாளர்களின் நூல்களை அவர் படிப்பதுண்டா என்ற திசைக்குத் திரும்புகிறது. பிறகு அவர் எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறார்.

இந்தக் காட்சியை ஆல்பத்தின் உச்சம் என்பவர்கள் உண்டு. பாட்டின் துயர ஓட்டத்தை அறுத்துவிடும் வெற்றுப் பேச்சு என்பவர்களும் உண்டு. முன்னவர் பத்து கொடுத்து, பின்னவர் இரண்டு கொடுத்தால் சராசரி ஆறு. ஆனால் ‘ஹைலேண்ட்ஸ்’ நடுத்தரமான பாட்டு என்று அவ்விருவரில் ஒருவரும் கருதவில்லை. யாருமே சொல்லாத தீர்ப்பை அந்த எண் சொல்கிறது. இரு தரப்பின் காரணங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் உண்மையான கேள்வி தெரிகிறது: முன்னே வந்த பத்துப் பாடல்களின் இறுக்கத்துக்குப் பிறகு, முடிவே இல்லாததுபோல் நீளும் இந்தப் பேச்சு விடுதலையா, தளர்ச்சியா? என் முடிவு விடுதலை என்பதே. வரைந்த படம் அவளைப் போல இல்லை என்னும் அந்த இடத்தில், மனிதர்களோடு ஒட்ட முடியாத கதைசொல்லியின் நிலை, மற்றப் பாடல்களின் புலம்பல் எதையும்விடத் துல்லியமாகக் காட்டப்படுகிறது. இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது எதிர்த்தரப்பின் குறைகூறலே. அந்தக் காட்சி ஒட்டவில்லை என்று அவர்கள் சொன்ன பிறகுதான், ஒட்டாமையே அதன் பொருள் என்பது புலப்பட்டது.

2. தனிப்பாட்டும் தொகுப்பும்

தொழில்முறை விமர்சனம் கடந்துபோன மூன்று சிக்கல்களில் முதலாவது, ஆல்பத்தில் பாடலின் இடம். ‘மேக் யூ ஃபீல் மை லவ்’ பற்றிய சர்ச்சை அதைக் காட்டுகிறது. டிலனின் ஆல்பம் வருவதற்கு முன்பே பில்லி ஜோயல் இந்தப் பாடலைப் பாடி வெளியிட்டுவிட்டார். 1998இல் கார்த் புரூக்ஸ் பாடியது அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2008இல் அடேல் தம் முதல் ஆல்பத்தில் பாடினார். டிலனின் பிற்காலப் பாடல்களில் உலகம் அதிகம் அறிந்தது இதுதான். ஆயினும் அவருடைய தீவிர ரசிகர்கள் பலரும் இந்த ஆல்பத்துக்குள் இதற்குக் கீழ்வரிசை இடத்தையே தருகிறார்கள்.

இது வெறும் மேட்டிமை மனப்பான்மை என்று பூர்தியூவின் வாசகர் சொல்லக்கூடும். ஊரெல்லாம் விரும்புவதை மறுத்துத் தம்மை வேறுபடுத்திக் காட்டும் ஆசை இதில் சிறிதளவு இருக்கலாம். ஆனால் அவர்கள் வைக்கும் காரணம் பாடல் நிற்கும் இடம் சார்ந்தது. ‘கோல்ட் அயர்ன்ஸ் பவுண்ட்’ பாடலின் முரட்டுத் தாளத்துக்கும் ‘கேன்ட் வெயிட்’ பாடலின் பதற்றத்துக்கும் இடையே இது ஒன்பதாவதாக வருகிறது. ஆல்பம் முழுவதும் காதல் கைவிட்டுப்போன ஒருவர் பேசுகிறார். இங்கு மட்டும் காதலுக்காக எதையும் செய்வேன் என்று வாக்களிக்கிறார். பியானோவை முதன்மையாகக் கொண்ட எளிய இசையமைப்பும் சூழ இருக்கும் மங்கலான ஒலியிலிருந்து விலகி நிற்கிறது. தனிப்பாட்டாகச் சிறந்தது, தொகுப்பில் இடம் தவறி நிற்கலாம் என்ற இந்த வேறுபாட்டை விற்பனைப் பட்டியலால் சொல்ல முடியாது, விருதாலும் முடியாது. வரிசைப்படுத்த உட்காரும் ரசிகருக்கு இதை எதிர்கொள்ளாமல் தப்ப வழியில்லை.

3. எந்த வடிவம் பாடல்?

இரண்டாவது சிக்கல் பாடவேறுபாடு பற்றியது. இந்த ஆல்பத்துக்காக மயாமி நகரின் கிரைட்டீரியா ஸ்டுடியோவில் 1997 ஜனவரியில் நடந்த பதிவுகளில், ஆல்பத்தில் சேராத பாடல்களும் இருந்தன. அவற்றில் முதன்மையானது ‘மிசிசிப்பி’. தயாரிப்பாளர் டேனியல் லான்வாவுக்கும் டிலனுக்கும் அதன் தாளம் குறித்துக் கருத்து வேறுபட்டதால் அது விடுபட்டது. 1998இல் ஷெரில் குரோ அதைப் பாடி வெளியிட்டார். டிலன் மறுபடி பதிவுசெய்து 2001இல் ‘லவ் அண்ட் தெஃப்ட்’ ஆல்பத்தில் சேர்த்தார். 1997ஆம் ஆண்டு வடிவங்கள் 2008இல் ‘டெல் டேல் சைன்ஸ்’ தொகுப்பில் வெளிவந்தன. அதுவரை கேட்கக் கிடைக்காத ‘ரெட் ரிவர் ஷோர்’ பாடலும் அதே தொகுப்பில் வந்தது.

இதன் விளைவு என்ன? 1997இல் மதிப்பெண் இட்டவரும் 2008க்குப் பிறகு இட்டவரும் ஒரே பொருளை மதிப்பிடவில்லை. பின்னவர் பதினொரு பாடல்களோடு விடுபட்டவற்றையும் மனத்தில் வைத்து எடைபோடுகிறார். ‘டர்ட் ரோட் புளூஸ்’ இருந்த இடத்தில் ‘மிசிசிப்பி’ இருந்திருந்தால் ஆல்பம் என்னவாகியிருக்கும் என்று கேட்கிறார். 2023 ஜனவரியில் ‘ஃபிராக்மென்ட்ஸ்’ தொகுப்பு வந்தபோது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. லான்வாவின் எதிரொலிப் பூச்சுகளைக் குறைத்து மைக்கேல் பிரௌவர் புதிதாக ஒலிக்கலவை செய்த முழு ஆல்பமும் அதில் இருந்தது. லான்வாவின் ஒலிப்புகை டிலனின் குரலை மூடுகிறது என்று குறைபட்டவர்களும், அந்தப் புகைதான் ஆல்பத்தின் ஆன்மா என்று வாதிட்டவர்களும் இப்போது இரு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க முடிந்தது. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தெரிவுசெய்யும் பதிப்பாசிரியரின் பணி இது. ஊதியமும் பட்டமும் இன்றி ரசிகர்கள் அதைச் செய்துவருகிறார்கள்.

4. வாழ்க்கையும் பாட்டும்

மூன்றாவது சிக்கல் வாழ்க்கைக்கும் பாட்டுக்குமான தொடர்பு. அதற்கு ‘நாட் டார்க் யெட்’ பாடலுக்கு வருவோம். இந்தப் பாடலைப் பலர் வரிசையின் தலையில் வைக்கிறார்கள். நான்கு பத்திகள்; ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே வரி திரும்புகிறது; தனியாகப் பல்லவியோ இடையே திருப்பமோ இல்லை. ஆறரை நிமிடம் ஒரே நிதானத்தில் நடக்கும் இப்பாடலை, 2003இல் வெளிவந்த தம் நூலில் இலக்கியத் திறனாய்வாளர் கிறிஸ்டோஃபர் ரிக்ஸ் கீட்ஸின் நைட்டிங்கேல் கவிதையோடு ஒப்பிட்டு விரிவாக ஆராய்ந்தார்.

ஆல்பம் வருவதற்கு நான்கு மாதம் முன்பு, 1997 மே மாதத்தில், இதயத்தைச் சூழ்ந்த உறையில் ஏற்பட்ட பூஞ்சைத் தொற்றால் டிலன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஆகவே மரணத்தின் வாசலைத் தொட்டுத் திரும்பியவரின் பாட்டாக இதைப் படிக்கும் பழக்கம் பரவியது. பதிவுத் தேதிகளை விரல்நுனியில் வைத்திருந்த ரசிகர்கள் இதை மறுத்தார்கள். பதிவு ஜனவரியில், நோய் மே மாதத்தில். நோய் பாட்டைப் பிறப்பிக்கவில்லை. அது கேட்பவரின் காதை மாற்றியது, அவ்வளவே. இத்திருத்தம் பாடலைச் சிறுமைப்படுத்தவில்லை. அந்த இருளை ஒரு மருத்துவச் செய்தியிலிருந்து மீட்டு, டிலனின் சொல்லுக்கும் தாளத்துக்கும் உரியதாக்கியது.

5. ரசிகர் தீர்ப்பின் தகுதியும் எல்லையும்

டேவிட் ஹியூம் 1757இல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில் நல்ல விமர்சகருக்கு நுண்ணுணர்வு, பயிற்சி, ஒப்பீடு, தெளிந்த அறிவு, சார்பின்மை ஆகிய ஐந்தையும் தகுதியாக வைத்தார். பயிற்சியிலும் ஒப்பீட்டிலும் நீண்டகால ரசிகரை மிஞ்சும் இதழ் விமர்சகர் அரிது. சார்பின்மையில்தான் ரசிகர் தடுமாறுகிறார். அவருக்கே உரிய சார்பு ஒன்று உண்டு: எளிதில் கிடைக்காததை உயர்த்திப் பிடிப்பது. வெளிவராத பாடல் என்பதாலேயே அதற்குக் கூடுதல் ஒளி சேர்ந்துவிடுகிறது. ‘ரெட் ரிவர் ஷோர்’ பற்றிய புகழுரைகளில் சிலவற்றையேனும் இந்த ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

ஆனாலும் ரசிகர் தீர்ப்பு காலத்தால் உறுதிப்பட்ட வரலாறும் இருக்கிறது. 1983இல் ‘இன்ஃபிடல்ஸ்’ ஆல்பத்துக்காகப் பதிவாகி விடுபட்ட ‘பிளைண்ட் வில்லி மெக்டெல்’ பாடல், கள்ளப் பதிவுகளின் வழியே ரசிகரிடையே உலவி, டிலனின் தலைசிறந்த பாடல்களில் ஒன்று என்று பெயர் பெற்றது. 1991இல் இசைத்தட்டு நிறுவனமே ‘பூட்லெக் சீரிஸ்’ முதல் மூன்று பாகங்களில் அதை வெளியிட்டது. அத்தொகுப்பின் விளக்கவுரையை எழுதியவர் ஜான் பால்டி. இங்கிலாந்தில் 1981இல் ‘த டெலிகிராஃப்’ என்ற டிலன் ரசிகர் இதழைத் தொடங்கி நடத்தியவர். ரசிகர் இதழின் ஆசிரியர் அதிகாரபூர்வத் தொகுப்பின் உரையாசிரியர் ஆனது, அந்தத் தீர்ப்புக்குக் கிடைத்த வெளிப்படையான ஏற்பு. ‘த பேண்ட்’ இசைக்குழு ‘பிளைண்ட் வில்லி மெக்டெல்’ பாடலைப் பாடக் கேட்ட பிறகே தாம் அதை மேடையில் பாடத் தொடங்கியதாக டிலன் பின்னர் கூறினார். 1997 ஆகஸ்டில் அது முதன்முறையாக அவருடைய மேடைக்கு வந்தது.

முடிவுரை

ரசிகர்கள் இடும் மதிப்பெண்களைக் கூட்டி வகுத்து வரும் எண்ணை ஆய்வுச் சான்றாகக் கொள்வது தவறு. அந்த எண்ணைத் தாங்கி நிற்கும் காரணங்களைப் படிக்காமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு. ஆல்பத்தில் பாடலின் இடம், பாடலின் பல வடிவங்கள், வாழ்க்கைக்கும் பாட்டுக்குமான தொடர்பு ஆகிய மூன்றிலும் ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’ பற்றிய பொறுப்பான பேச்சு ரசிகர் வாதங்களின் வழியே வளர்ந்திருக்கிறது. 2022 மே மாதம் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் திறக்கப்பட்ட பாப் டிலன் மையம் அவருடைய குறிப்பேடுகளையும் கையெழுத்துப் படிகளையும் ஒலிப்பதிவுகளையும் பாதுகாக்கிறது. அவற்றுக்குக் காட்டும் அதே அக்கறையை நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் ரசிகர் இதழ்களுக்கும் கடிதங்களுக்கும் காட்ட வேண்டும். பாட்டு எப்படிப் பிறந்தது என்பதற்குக் குறிப்பேடு சான்று. அது மனிதரிடையே எப்படி வாழ்ந்தது என்பதற்கு அந்த வாதங்களே சான்று.