விழுந்தவனுக்கு வழக்கு உண்டா?

இராயப்பரின் பெயர் தாங்கிய இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் கடந்து எண்ணூர் வரை செல்லும் கடலோரம், கட்டட வேலையின் வரலாறு என்றே சொல்லத்தக்கது. 1856-இல் இராயபுரத்தில் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. 1875-இல் தெற்கே துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்ப் பணி தொடங்கியது. 1881 நவம்பர்ப் புயல் அச்சுவர்களைச் சிதைத்தெறிய, கல் சுமக்கும் வேலை மீண்டும் முதலிலிருந்து தொடங்கிற்று. பொறியாளர்களின் பெயர்களை ஏடுகள் காத்து வைத்துள்ளன. சுமந்தவர்களின் பெயர்களை நாம் அவற்றில் காண்பது அரிது.

அந்நாளில் வேலையிடத்தில் ஒருவன் விழுந்து மாண்டால் சட்டம் என்ன செய்தது? 1855-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி அவன் குடும்பத்தார் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் தவறு முதலாளியுடையது என அவர்களே மெய்ப்பிக்க வேண்டும். இதற்கு மேல், 1837 முதல் இங்கிலாந்து நீதிமன்றங்கள் கைக்கொண்ட ஒரு கோட்பாடும் குறுக்கே நின்றது: உடன் வேலை செய்பவனின் கவனக்குறைவால் நேர்ந்த தீங்குக்கு முதலாளி பொறுப்பல்லன். கயிற்றை நழுவவிட்டவனும் ஒரு கூலியாள்தான் என்றால், வழக்கு அத்துடன் முடிந்தது. ஏழையின் இழப்புக்கு மற்றோர் ஏழையையே பொறுப்பாக்கிய இந்த நியாயத்தை என்னவென்று சொல்வது!

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தவறு யாருடையது என்ற கேள்வியை அது பெரும்பாலும் ஒதுக்கியது. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்ததா என்பதே முதன்மைக் கேள்வியாயிற்று. மரணம் நேர்ந்தால், தொழிலாளி குடித்திருந்தான் என்றோ, பாதுகாப்பு விதியை மீறினான் என்றோ சொல்லி முதலாளி தப்பிக்க இயலாது. அதன் 8-ஆம் பிரிவு நம் மனத்தை மிகவும் கவர்வது. இறந்தவனுக்குரிய தொகையை ஆணையரிடமே கட்ட வேண்டும். துயர வேளையில் விதவையின் கையில் ஏதோ கொடுத்துக் கைநாட்டு வாங்கினால், அது இழப்பீடு செலுத்தியதாகக் கொள்ளப்படாது. மேஸ்திரிகளின் வழக்கத்தை நன்கறிந்த எவரோ எழுதிய பிரிவு எனலாம். 12-ஆம் பிரிவோ ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் மூல முதலாளியைப் பொறுப்பாக்கிற்று. பின்னர் அவர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். அது அவர்கள் இருவர் விவகாரம்.

இழப்பீடு விபத்துக்குப் பின் வருவது. முன்னரே காப்பதற்கு நெடுங்காலம் தனிச் சட்டம் இல்லை. தமிழகத்தில் கட்டடத் தொழிலாளர் சங்கங்களின் போராட்டத்தையொட்டி 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1994-இல் கட்டடத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. 1996-இல் நடுவணரசு கட்டடத் தொழிலாளர்க்கெனத் தனிச் சட்டமும், நலநிதிக்காகக் கட்டுமானச் செலவின்மீது தீர்வையும் கொணர்ந்தது. சாரம், பாதுகாப்பு வலை, இடுப்புக் கச்சை பற்றியெல்லாம் விதிகள் எழுதப்பட்டன. எழுதப்பட்டன என்று மட்டுமே சொல்கிறோம். 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டி வந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர்.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் திட்டக் கட்டுமானத்தில் உயரத்திலிருந்த இரும்பு வளைவு சரிந்து ஒன்பது தொழிலாளர் உயிரிழந்தனர். அஸ்ஸாமிலிருந்து வந்தவர்கள் அவர்கள். மாநில அரசு தலா 10 லட்சமும், பிரதமர் நிவாரண நிதியிலிருந்து தலா 2 லட்சமும் அறிவிக்கப்பட்டன. நல்லதே. ஆயினும் நிவாரணம் வேறு, சட்டப்படியான இழப்பீடு வேறு. முன்னது பின்னதை அடைக்காது. பின்னது இறந்தவரின் ஊதியத்தையும் வயதையும் கொண்டு கணக்கிடப்படும். வயது குறையக் குறையத் தொகை கூடும். காலம் தாழ்த்தினால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும் சேரும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 1923, 1996 ஆண்டுச் சட்டங்கள் அவற்றுள் அடங்கிவிட்டன. மூல முதலாளியின் பொறுப்பு தொடர்கிறது. 1995-இல் சேர்க்கப்பட்ட ஒரு வசதியும் தொடர்கிறது: மனுவை விபத்து நடந்த ஊரில்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. இரண்டாண்டுகளுக்குள், தான் வாழும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். எண்ணூரில் மகனை இழந்த தாய், அதற்காகச் சென்னைக்கு இரயிலேற வேண்டியதில்லை.