இல்லத்தில் மலர் தொடுத்தல்: ஒரு வரலாற்றுப் பார்வை

இறைவழிபாட்டில் மலருக்குத் தனியிடம் உண்டு. ‘பூசை’ என்னும் சொல்லையே ‘பூ செய்’ எனப் பிரித்துப் பொருள் காணும் அறிஞரும் உளர். திருவிழாக் காலங்களில் மூலவருக்கும் உற்சவருக்கும் சாத்தப்படும் ஆளுயர மாலைகளைக் கண்டு மகிழ்கிறோம். வீட்டுப் பூசையறையில் சிறு படமொன்றுக்கு நாமே தொடுத்துச் சாத்தும் ஒரு முழச் சரத்துக்கும் நெடிய வரலாறு உண்டு. அதனை அன்பர்களுக்கு நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைத் தமிழர் தம் நிலங்களுக்கும் போர்முறைகளுக்கும் மலரின் பெயரையே இட்டனர். சேரர்க்குப் பனையும், சோழர்க்கு ஆத்தியும், பாண்டியர்க்கு வேம்பும் அடையாளப் பூக்களாயின. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் இடம்பெறுகின்றன. தினைப்புனம் காத்த தலைவியும் தோழியும் பறித்துப் பாறைமேல் குவித்த மலர்கள் அவை. அவற்றால் தழையாடை தொடுத்து உடுத்தினர், கூந்தலிலும் சூடினர். பூத்தொடுத்தல் அக்காலப் பெண்களுக்கு இயல்பான கைப்பழக்கமாக இருந்தது என்பதற்கு இது சான்றாகும். மதுரை வீதிகளில் பூ விற்போர் இருந்ததை மதுரைக்காஞ்சி கூறுகிறது. ஆகவே, பூவை விலைக்கு வாங்குவதும் நமக்குப் புதிதன்று.

பக்தி இயக்கக் காலத்தில் இக்கைவினை திருத்தொண்டாக உயர்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணம், திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனாரின் வரலாற்றைக் கூறுகிறது. அவர் வைகறையில் எழுந்து நீராடி, மரத்தில் பூக்கும் கோட்டுப்பூ, நிலத்தில் பூக்கும் நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ என்னும் நால்வகை மலர்களையும் கொய்து வருவார். பின்னர்த் தனியிடத்தில் அமர்ந்து தொடுப்பார். கோப்பது கோவை, வட்டமாகச் சுருக்குவது இண்டை, தண்டில் கட்டுவது கண்ணி, தாளில் பிணைப்பது பிணையல். இவற்றோடு தாமம், மாலை, தொங்கல் எனவும் சேக்கிழார் வகைப்படுத்துகிறார். அரசரும் அமைச்சரும் இடம்பெற்ற அறுபத்துமூவர் வரிசையில், மலர் தொடுத்த ஒருவருக்கும் சமமான இடம் கிடைத்தது என்பது எண்ணத்தக்கது.

வைணவத்திலும் இதே சிறப்பைக் காண்கிறோம். திருவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து மாலை கட்டியவர் பெரியாழ்வார். அவர் மகளார் ஆண்டாள், தாம் சூடிப் பார்த்த மாலையைக் கொடுத்து, ‘சூடிக் கொடுத்த சுடர்க்கொடி’ எனப் பெயர் பெற்றார். திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் இத்தொண்டையே மேற்கொண்டார். திருநந்தவனங்களைப் பேணவும், ‘திருப்பள்ளித்தாமம்’ எனப்பட்ட மலர்மாலைகளைச் சாத்தவும் நிலம் விடப்பட்ட செய்திகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன.

கடல் கடந்து வந்த நம் முன்னோர் இவ்வழக்கத்தையும் உடன் கொண்டு வந்தனர். பினாங்கில் 1833இலும், கோலாலம்பூரில் 1873இலும் மகாமாரியம்மன் ஆலயங்கள் எழுந்தன. தோட்டப்புறங்களிலோ லயத்து வீடுகளின் வாசலில் செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, துளசி ஆகியவற்றை நட்டனர். பால்மரம் வெட்டிக் களைத்துத் திரும்பிய தாய்மார், வெள்ளிக்கிழமை மாலையில் அப்பூக்களைக் கொண்டே சாமி படத்துக்குச் சரம் தொடுத்தனர். அவர்கள் வேலியில் பூத்த செம்பருத்தியே 1960இல் இந்நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது.

தொடுக்கும் முறை எளிது, பழக்கம் வேண்டும். வாழை மட்டையிலிருந்து உரித்த நாரை நீரில் நனைத்துப் பதப்படுத்த வேண்டும். இரண்டிரண்டு பூக்களாகக் காம்புகள் எதிரெதிரே சேருமாறு வைத்து, நாரைச் சுற்றி முடிச்சிட்டு இழுக்க வேண்டும். மிக இறுக்கினால் காம்பு அறுந்துவிடும். தளர்த்தினால் பூ நழுவிவிடும். அந்த அளவை விரல்களே அறியும். ‘பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்’ என்னும் பழமொழி, இவ்வேலையை நாள்தோறும் கண்ட மக்களின் வாய்மொழியாகும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்மவர் நகர்ப்புற அடுக்குமாடி வீடுகளில் குடியேறியபின் வாசற்பூஞ்செடி மறைந்தது. கோயிலருகே உள்ள கடைகளில் கேமரன் மலையின் செவ்வந்தியும் பிற பூக்களும் கட்டி முடித்த மாலைகளாகக் கிடைக்கின்றன. மாலை கட்டுவோரின் உழைப்பால் நம் திருவிழாக்கள் பொலிவு பெறுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும், வீட்டுக்குரிய சிறு சரத்தையும் கடையிலிருந்தே பெறுவதும், பல வீடுகளில் வாடாத நெகிழிப்பூவே நிலையாகத் தொங்குவதும் கவலைக்குரியன. சேக்கிழார் கூறிய ஏழு பெயர்களுள் இன்று நம் பேச்சில் பெரிதும் வழங்குவது ‘மாலை’ ஒன்றே. கையிலிருந்து கைக்கு வந்த பழக்கம் இது. ஒரு தலைமுறை கற்காது விட்டால் அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஆளிராது.

ஆகவே, பாட்டிமார் இருக்கும்போதே பேரப்பிள்ளைகளை, ஆண் பெண் வேறுபாடின்றி, அருகில் அமர்த்திக் கற்பிப்போம். முருக நாயனாரும் பெரியாழ்வாரும் ஆடவரே அல்லரோ! மாடி முகப்பில் ஒரு தொட்டியில் நந்தியாவட்டையோ மல்லிகையோ வளர்க்கலாம். நவராத்திரி ஒன்பது நாளும் ஆலயத்தில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்கினால் இளையோர் பலர் கற்றுக்கொள்வர். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு முழச் சரமேனும் நம் கையால் தொடுத்து இறைவனுக்குச் சாத்துவோமாக. அம்பிகையின் திருவருள் அனைவர்க்கும் கிட்டுக!