முதல் கூடை

1976 ஜூலை, மான்ட்ரியல். ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முறையாக இடம்பெறுகிறது. ஆண்களுக்கு அந்த ஆட்டம் 1936இலேயே வந்துவிட்டது. பெண்கள் 40 ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஜப்பானுக்கு எதிரான ஆட்டத்தில் அமெரிக்க அணியின் முதல் கூடையைப் போட்டவர் 21 வயதுக் கறுப்பினப் பெண் லூசியா ஹாரிஸ். ஒலிம்பிக் வரலாற்றில் ஒரு பெண் போட்ட முதல் கூடையும் அதுதான்.

அடுத்த ஆண்டு, ஆண்களின் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.வைச் சேர்ந்த அணி ஒன்று அவரைத் தேர்ந்தெடுத்தது. அதிகாரபூர்வமாக அப்படித் தேர்வான ஒரே பெண் இன்றுவரை அவர்தான். அவரைப் பற்றிய குறிப்புகள் எல்லாம் இந்த இரண்டு பெருமைகளையும் தவறாமல் சொல்கின்றன. ஆனால், அதற்குப் பிறகு ஆடுவதற்கு அவருக்கு இடமே இல்லாமல் போனதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

லூசியா 1955இல் மிசிசிப்பி மாநிலத்தின் மின்டர் சிட்டி என்ற சிற்றூரில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் பத்தாவது. பருத்தி விளையும் மண் அது. சிறுமியாக அவரும் பருத்தி எடுத்தார். அதே ஆண்டு அதே வட்டாரத்தில்தான் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் வெள்ளையர்களால் கடத்திக் கொல்லப்பட்டான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கறுப்பினப் பெண்குழந்தை ஆறடி மூன்று அங்குலம் வளர்ந்தாள். உயரத்தைத் தவிர வேறொன்றும் இல்லாதவள் என்று கூடப் படித்த பிள்ளைகள் கேலி செய்தார்கள். இரவில் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு, அம்மாவுக்குத் தெரியாமல் தொலைக்காட்சியில் கூடைப்பந்து பார்ப்பாள். ஆஸ்கர் ராபர்ட்சன் அவளுக்குப் பிடித்த ஆட்டக்காரர். அந்தத் திரையில் ஆடியவர்கள் அனைவரும் ஆண்கள்.

பள்ளி முடித்ததும் கறுப்பினத்தவருக்கான ஆல்கார்ன் கல்லூரியில் சேரத்தான் நினைத்திருந்தார். அங்கே பெண்கள் அணி இல்லை. அதனால் 1973இல் டெல்டா ஸ்டேட் கல்லூரிக்குப் போனார். 1960களின் பிற்பாதி வரை வெள்ளை மாணவர்களுக்கு மட்டுமே திறந்திருந்த கல்லூரி அது. அணியில் அவர் ஒருவர்தான் கறுப்பினத்தவர்.

அந்த அணியின் பயிற்சியாளர் மார்கரெட் வேடின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1930களின் தொடக்கத்தில் வேட் அதே கல்லூரியில் கூடைப்பந்து ஆடிய மாணவி. இளம்பெண்களின் உடம்புக்கு இந்த ஆட்டம் தாங்காது என்று சொல்லிக் கல்லூரி நிர்வாகம் அணியைக் கலைத்தது. அந்த மாணவிகள் அழுதார்கள். தங்கள் ஆட்ட உடைகளைத் தீயிலிட்டு எரித்தார்கள். நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்ற 'டைட்டில் நைன்' சட்டம் 1972இல் வந்தது. அடுத்த ஆண்டே டெல்டா ஸ்டேட்டில் பெண்கள் அணி மீண்டும் உயிர்பெற்றது. எரித்த உடைக்குப் பதில் புதியது கிடைக்க ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. அதற்குள் வேட் அறுபதைத் தாண்டியிருந்தார்.

வேடும் லூசியாவும் சேர்ந்து 1975, 1976, 1977 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசியக் கோப்பையை வென்றார்கள். முதல் கோப்பை வென்ற ஆண்டில் ஆடிய 28 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கல்லூரிக் காலத்தில் லூசியா எடுத்த புள்ளிகள் 2,981. பிடித்த ரீபவுண்டுகள் 1,662. பெண்ணுடம்பு தாங்காது என்று விரட்டப்பட்டவரும், கேலிக்குள்ளான உடம்போடு வந்தவரும் சேர்ந்து எழுதிய கணக்கு இது.

பிறகு 1977 வந்தது. அமெரிக்காவில் கல்லூரி முடிக்கும் ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். இதை டிராஃப்ட் என்பார்கள். அவ்வாண்டு ஏழாவது சுற்றில், 137ஆவது பெயராக, நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணி லூசியாவைத் தேர்ந்தெடுத்தது. அவர் போகவில்லை. அப்போது கர்ப்பமாக இருந்தார். அது மட்டும் காரணமல்ல. தன்னை வைத்து விளம்பரம் தேடுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. ஆண்களோடு மோதித் தன்னை நிரூபிக்கும் ஆசையும் அவருக்கு இல்லை.

கிடைத்த வாய்ப்பைக் கர்ப்பத்தால் தவறவிட்ட பெண் என்று இந்தக் கதையைச் சொல்வது எளிது. அப்படிச் சொன்னால் பழி மறுபடியும் பெண்ணின் கருப்பையின் மேல் விழும். ஆண்கள் அணியின் வாசல் அவர் கேட்டதல்ல. அவருக்கு வேண்டியிருந்தது பெண்களோடு ஆடிப் பிழைக்க ஒரு களம். அன்று அமெரிக்காவில் அப்படி ஒன்று இல்லை. அவரோடு ஒப்பிடக்கூடிய ஆண் ஆட்டக்காரருக்கு ஒப்பந்தமும் சம்பளமும் காத்திருந்தன. லூசியாவோ தன் கல்லூரியிலேயே மாணவர் சேர்க்கை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

1978இல் தொடங்கிய பெண்கள் லீக் ஒன்றில், 1979-80 பருவத்தில் ஹூஸ்டன் ஏஞ்சல்ஸ் அணிக்காக ஆடினார். அவருடைய தொழில்முறை ஆட்ட வாழ்க்கை அந்த ஒரு பருவத்தோடு முடிந்தது. அந்த லீக்கும் 1981இல் மூடப்பட்டது. நான்கு குழந்தைகளை வளர்த்தார், இருமுனைக் கோளாறு என்னும் மனநோயோடு போராடினார், சிகிச்சை எடுத்துக்கொண்டார். தான் படித்த பள்ளிக்கே திரும்பி ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் இருந்தார். பெண்களுக்கான டபிள்யூ.என்.பி.ஏ. 1997இல் ஆடத் தொடங்கியபோது அவருக்கு வயது 42.

தமிழில் 'முதல்' என்றால் தொடக்கம். தொழிலில் போடும் பணமும் முதல்தான். ஒரு பெண்ணை 'முதல் பெண்' என்று வாழ்த்துவதற்குச் செலவில்லை. அவளுக்குப் பின்னால் ஓர் அணியும் சம்பளமும் ஆண்டுதோறும் நடக்கும் போட்டியும் நிற்க வேண்டுமானால், யாராவது அந்த இன்னொரு முதலைப் போட வேண்டும். லூசியாவுக்கு முதலாவது கிடைத்தது, இரண்டாவது கிடைக்கவில்லை. பெண்களின் 'முதல்' பட்டியல்களை வகுப்பில் மனப்பாடம் செய்யும்போது, அடுத்த வருஷம் அவள் என்ன செய்தாள் என்றும் கேட்டுப் பழகுவோம்.

1992இல் கூடைப்பந்தின் நெய்ஸ்மித் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். 2021இல் 'த குவீன் ஆஃப் பாஸ்கட்பால்' என்ற 22 நிமிட ஆவணப்படம் வெளிவந்தது. அதில் கேமராவைப் பார்த்து அவரே தன் கதையைச் சொல்கிறார், நடுநடுவே வாய்விட்டுச் சிரிக்கிறார். என்.பி.ஏ.வுக்குப் போகாததற்கு வருத்தமில்லை என்கிறார். 2022 ஜனவரியில், 66 வயதில் இறந்தார். இரண்டு மாதம் கழித்து அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.