பழி யார்மேல்?

குழந்தை பிறக்கிறது, குடல் வயிற்றுக்கு வெளியே கிடக்கிறது. பேறுகால அறையில் நிற்போர் ஒரு கணம் திகைக்கின்றனர். மறுகணம் அவர்தம் கண்கள் தாயின்மீது பாய்கின்றன. குழந்தையை நோக்க வேண்டிய கண்கள் தாயை நோக்குவானேன்?

தோழர்களே! அழகர்மலை அடிவாரத்துச் சிற்றூர்களில் இதற்கு ஆயத்த விடைகள் உண்டு. கிரகணத்தின்போது வெளியே வந்தாள். சூலியாயிருந்தும் அரிவாள்மணையைத் தொட்டாள். பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு நேர்ந்ததைச் செலுத்த மறந்தாள். காரணங்கள் பல, குற்றவாளி ஒருத்தி! அவளோ, பெற்ற வலி தணியாமல் படுத்துக் கிடப்பவள்.

இப்பழி நம் நாட்டுச் சரக்கு மட்டுமன்று. பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் அம்புருவாஸ் பாரே, 1573இல் விந்தைப் பிறவிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். போர்க்களப் புண்ணை ஆற்றுவதில் புதுநெறி கண்ட அறிஞர் அவர். ஆயினும் குறைப்பிறவிக்குக் காரணம் கூறுமிடத்தில் கடவுளின் மகிமை, கடவுளின் சினம், தாயின் மனக்கற்பனை என்றெல்லாம் அடுக்கினார். கத்தி பிடித்த கை முன்னேறியது, கருத்தோ பின்தங்கியது! 1727இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளாண்டெல் எழுந்தார். தாய் கண்டதும் எண்ணியதும் கருவின் உடலைச் சிதைக்கும் என்பது ஆதாரமற்ற கூற்று என்று வாதிட்டு நூல் எழுதினார். தாயின்மீது சுமத்திய பழிக்கு மருத்துவ உலகிலிருந்தே எழுந்த மறுப்பு அது.

மறுப்பு மட்டும் போதுமா? உண்மை விளக்கம் வேண்டாமா? அதைத் தந்தது கருவியல். கரு வளரும் 6ஆம் வாரத்தில், விரைந்து நீளும் குடலுக்குச் சிறு வயிற்றில் இடம் போதாது. எனவே அது தொப்புள் கொடிக்குள் புகுந்து வளர்கிறது. 12ஆம் வாரத்துக்குள் வயிற்றுக்குத் திரும்பிவிடுகிறது. நாம் அனைவருமே குடல் வெளியே இருக்க வளர்ந்தவர்கள்தாம்! திரும்ப வேண்டிய குடல் திரும்பாமற் போனாலும், வயிற்றுச் சுவரின் மடிப்புகள் நடுவே கூடாமற் போனாலும், உறுப்புகள் கொடியின் அடியில் ஒரு மெல்லிய பைக்குள் தங்கிவிடுகின்றன. இதனை ஓம்ஃபலோசில் என்பர்.

இன்னொரு வகையும் உண்டு. அதன் பெயர் காஸ்ட்ரோஸ்கைசிஸ். இதில் தொப்புள் கொடி தன் இடத்தில் நலமாகவே இருக்கும். அதன் பக்கத்தில், பெரும்பாலும் வலப்புறத்தில், ஒரு பிளவு. அதன் வழியே குடல், உறையேதுமின்றி வெளியே கிடக்கும். நெடுங்காலம் இவ்விரண்டையும் ஒன்றெனவே குழப்பி வந்தனர். 1953இல் மூர், ஸ்டோக்ஸ் எனும் அமெரிக்க மருத்துவர் இருவர் இவற்றின் வேறுபாட்டைத் தெளிவுற வகுத்துரைத்தனர். பை உண்டா, இல்லையா? கொடி பையின்மீது சேர்கிறதா, தனித்து நிற்கிறதா? இவ்விரு கேள்விகளே போதும்.

பெயரில் என்ன இருக்கிறது எனலாம். உயிரே இருக்கிறது! பையுள்ள குழந்தைக்கு இதயக் கோளாறும் குரோமோசோம் கோளாறும் உடனிருக்கக் கூடும். அவற்றைத் தேட வேண்டும். நாக்கு பெருத்திருந்தால் இரத்தச் சர்க்கரையை உடனே பார்க்க வேண்டும். பெக்வித், வீடமான் என்போர் 1960களில் விளக்கிய நோய்த்தொகுதி அதுவாகலாம். பையில்லாத குழந்தைக்கோ வெப்பமும் நீரும் விரைந்து வற்றும். குடல் அடைப்பையும் ஐயுற வேண்டும். கொடியின் அடி வழக்கத்துக்கு மாறாகப் பருத்திருந்தால் உள்ளே குடல் இருக்கலாம். அங்கே கவ்வி வெட்டினால் குடலே வெட்டுண்ணும். தோல் மூடிய சாதாரணத் தொப்புள் புடைப்போ பெரும்பாலும் தானே மறையும். அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

வேறுபாடு விளங்கிய காலத்தில் சிகிச்சையும் வளர்ந்தது. 1948இல் ராபர்ட் கிராஸ், பெரிய ஓம்ஃபலோசிலை முதலில் தோலால் மூடிப் பின்னர்ச் சுவரைச் சேர்க்கும் முறையை வெளியிட்டார். 1967இல் ஷூஸ்டர், செயற்கைத் துணியால் உறையமைத்து, அதைப் படிப்படியாகச் சுருக்கி உறுப்புகளை உள்ளே செலுத்தும் வழி கண்டார். 1968இல் பிலடெல்பியாவில் டட்ரிக் குழுவினர், குடல் இயங்காத குழந்தையையும் நாளத்தின் வழியே ஊட்டி வளர்க்க முடியும் எனக் காட்டினர்.

பிறக்குமுன்பே காணவும் வழி பிறந்தது. இரும்பில் விரிசல் தேடும் ஒலியலைக் கருவியைக் கிளாஸ்கோவின் இயன் டொனால்டு மருத்துவத்துக்குத் திருப்பினார். 1958இல் முடிவுகளை வெளியிட்டார். இன்று 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் படம் இக்குறைகளில் பெரும்பாலானவற்றைக் காட்டிவிடுகிறது. 12 வாரத்துக்கு முன் குடல் வெளியே தெரிந்தால் அதை உடனே நோயென்று முடிவு கட்டுவதில்லை. அது இயற்கையின் வழியாகவும் இருக்கலாம். இதே கருவியைக் கொண்டு பெண் கருவைத் தேடி அழித்தோரும் உண்டு. அதைத் தடுக்க 1994இல் சட்டமே தேவைப்பட்டது. கருவி வந்தது, கருத்து வரவில்லை!

பையில்லாப் பிளவு ஏன் நேர்கிறது என்பதற்கு அறிவியல் இன்னும் முழு விடை கூறவில்லை. 20 வயது நிரம்பாத தாய்மாரிடம் மிகுதி என்று மட்டும் கணக்குக் காட்டுகிறது. காரணம் தெரியாதபோது தெரியாது என்பதே அறிவின் நேர்மை. தெரியாத இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்திப் பழிப்பது மடமை.

கேளுங்கள், இன்னொரு கணக்கை. 2021இல் லான்செட் ஏடு 74 நாடுகளின் மருத்துவமனைகளை ஆராய்ந்த முடிவை வெளியிட்டது. காஸ்ட்ரோஸ்கைசிஸ் குழந்தைகளில் செல்வ நாடுகளில் இறந்தோர் 100க்கு 2 பேருக்கும் குறைவு. நடுத்தர வருவாய் நாடுகளில் 100க்கு ஏறத்தாழ 32. ஏழை நாடுகளில் 100க்கு 90! ஒரே பிளவு, ஒரே குடல். கிரகணம் எல்லா நாட்டுக்கும் பொது. சாவு மட்டும் ஏன் பொதுவாக இல்லை? குழந்தையைக் கொல்வது தலைவிதியன்று. தாமதமும் வறுமையும் அறியாமையுமே.

அழகர்கோவிலிலிருந்து மதுரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அங்கே 1954இல் மருத்துவக் கல்லூரி எழுந்தது. அதனோடிணைந்த அரசு இராசாசி மருத்துவமனையில் குழந்தை அறுவைப் பிரிவு உண்டு. 2008 முதல் 108 வண்டி தமிழ்நாட்டில் ஓடுகிறது. நாம் செய்ய வேண்டுவது சிறிது. வெளிவந்த குடலைத் தூய உறையால் மூடி, குழந்தையைக் கதகதப்பாய் வைத்து, வாய்வழி ஏதும் புகட்டாமல், செவிலியர் துணையோடு விரைந்து அனுப்ப வேண்டும். மஞ்சளும் வேண்டாம், திருநீறும் வேண்டாம்.

இளைஞர்களே! உங்கள் ஊரில் அப்படியொரு குழந்தை பிறந்தால், "அவள் என்ன செய்தாள்?" என்று கேட்கும் வாயை அடக்குங்கள். "பை இருக்கிறதா? வண்டி வந்துவிட்டதா?" என்று கேட்கப் பழக்குங்கள். முதற்கேள்வி பல நூற்றாண்டுகளாகக் கேட்கப்பட்டது. ஒரு குழந்தையைக்கூட அது பிழைக்க வைக்கவில்லை.