சுட்டால் மண் சுத்தமாகுமா? மரக்காணம் உப்பளமும் கொடைக்கானல் பாதரசமும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? அப்படியானால் மரக்காணம் உங்கள் ஞாபகத்தில் நிச்சயம் இருக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்தி பாத்தியாக உப்பளம். வரப்போரத்தில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். அந்தப் பக்கத்தில் வளர்கிற பிள்ளைகளுக்கு வேதியியலின் முதல் பாடம் பள்ளிக்கூடத்தில் கிடைப்பதில்லை, பாத்தியில் கிடைக்கிறது. உவர் நீரைப் பாத்தியில் தேக்கி வைத்தால் வெயில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்விடும். உப்பு கீழே தங்கிவிடும்.

எது ஆவியாகும், எது தங்கும் என்ற இந்தக் கேள்வியை வைத்துத்தான் இன்றைக்கு ஒரு வரலாற்றைச் சொல்லப் போகிறேன். விஷம் கலந்த மண்ணைச் சூடு காட்டிச் சுத்தம் செய்வது பற்றிய வரலாறு இது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழகக் கடற்கரையோரம் எத்தனையோ வயல்களில் கடல் நீர் புகுந்தது. அந்த மண்ணைச் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். தண்ணீர்தான் போகும், உப்பு அப்படியே நிற்கும். அதனால் ஜிப்சம் போட்டு, மழைநீரையும் நல்ல தண்ணீரையும் தேக்கி, உப்பைக் கரைத்து வெளியேற்றுவதுதான் அங்கே வைத்தியம். உப்புக்குச் சூடு உதவாது. பாதரசத்துக்கு உதவும். காரணம் எளிமையானது. பாதரசம் உலோகமாக இருந்தாலும் சுமார் 357 டிகிரி செல்சியசில் கொதித்து ஆவியாகிவிடும். அந்தச் சூட்டில் மண்ணின் மணலும் களிமண்ணும் ஆவியாவதில்லை. உப்பளத்தில் நமக்கு வேண்டியது கீழே தங்கும். இங்கே வேண்டாதது மேலே போகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இது புதிய கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்பெயின் நாட்டின் அல்மாதென் சுரங்கத்தில் 2,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பாதரசம் எடுத்தார்கள். சிவப்பு நிறக் கனிமத்தைச் சூளையில் சுட்டு, வரும் ஆவியைக் குளிரவைத்தால் பாதரசம் சொட்டும். நம் சித்த மருத்துவத்தில் அந்தச் சிவப்புக் கனிமத்துக்கு லிங்கம் என்று பெயர். அதிலிருந்து வாலையில் வடித்தெடுப்பது வாலை ரசம். மண்ணைச் சுத்தம் செய்யும் நவீன உலையும் அடிப்படையில் இந்த வாலைதான். அன்றைக்குப் பாதரசம் வேண்டும் என்று சுட்டார்கள், இன்றைக்கு வேண்டாம் என்று சுடுகிறார்கள்.

இப்போது கடற்கரையை விட்டு மலைக்கு ஏறுவோம். தமிழ்நாட்டில் இந்த முறை தேவைப்பட்ட இடம் கொடைக்கானல்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த ஒரு வெப்பமானித் தொழிற்சாலை 1983-இல் கொடைக்கானலுக்கு இடம் மாறி வந்தது. கொண்டுவந்தது சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனம். 1987-இல் அந்த நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியது. பாண்ட்ஸ் இந்தியா 1998-இல் இந்துஸ்தான் லீவருடன் இணைந்தது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய்கள் இங்கே தயாராகி வெளிநாடுகளுக்குப் போயின. தொழிற்சாலை நின்ற இடம் பாம்பார் சோலைக்கு மேலே. அங்கே விழும் மழை கும்பக்கரை அருவி வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. ஆக, இது ஒரு மலையூரின் பிரச்சினை மட்டுமல்ல.

2001 மார்ச் மாதம், ஊருக்குள் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி குவிந்து கிடப்பதை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளியே கொண்டுவந்தார்கள். அதே மாதம் தொழிற்சாலை மூடப்பட்டது. தன் விதிமுறையை மீறி 5.3 டன் கண்ணாடிக் கழிவு விற்கப்பட்டது என்று நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவும் சரக்குகளும் கப்பலேற்றப்பட்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள மறுசுழற்சி ஆலைக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. ஏழை நாட்டில் கொட்டிய குப்பை பணக்கார நாட்டுக்கே திரும்பிப் போனது அபூர்வமான செய்திதான். ஆனால் மண்? அதை மூட்டை கட்டி அனுப்ப முடியுமா?

அதற்காகத் தேர்ந்தெடுத்த வழி இரண்டு கட்டமானது. முதலில் மண்ணைத் தோண்டிக் கழுவுவது. பாதரசம் பெரும்பாலும் நுண்ணிய களித் துகள்களில்தான் ஒட்டிக்கொள்ளும். கழுவிச் சலித்தால் பருமணலும் கல்லும் தனியே பிரிந்துவிடும். மிச்சமிருக்கும் விஷச் சேற்றைக் காயவைத்து, மூடிய உலையில் காற்றழுத்தத்தைக் குறைத்துச் சூடாக்குவது இரண்டாவது கட்டம். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும், எரிபொருளும் மிச்சம். வெளிவரும் ஆவியைக் குளிர்வித்துப் பாதரசத்தைப் பிடிக்கிறார்கள். தப்பி வருவதை வடிகட்ட கரித்தூள். ஏதாவது ஒரு மூட்டு ஒழுகினால் மண்ணில் இருந்த விஷம் காற்றுக்குப் போய்விடும். முழுக் கவனமும் அங்கேதான் தேவை.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. சூடு பாதரசத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. வியட்நாமின் டா நாங் விமான நிலையத்தில் அமெரிக்கப் படை விட்டுப்போன டையாக்சின் கலந்த மண்ணை 2012 முதல் 2018 வரை நடந்த திட்டத்தில் சுமார் 335 டிகிரி வரை சூடாக்கினார்கள். டையாக்சின் ஒரு சேர்மம். சூட்டில் அது சிதைந்துபோகும். பாதரசமோ தனிமம். எவ்வளவு சுட்டாலும் பாதரசம் பாதரசம்தான். பிடித்து வைத்ததை யார் பத்திரமாகக் காப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

சரி, தொழில்நுட்பம் பழையது, வழியும் தெரிந்தது. பிறகு ஏன் தாமதம்? முழு அளவில் மண்ணைச் சுத்தம் செய்யத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி கிடைத்தது 2018-இல். ஆலை மூடி 17 ஆண்டுகள்! சண்டை சூட்டைப் பற்றியது அல்ல, ஓர் எண்ணைப் பற்றியது. சுத்தம் செய்த பிறகு ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிஞ்சலாம்?

வாரியம் ஏற்ற அளவு 20. நாக்பூரின் தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் (நீரி) இதற்கு ஆலோசகராக இருந்தது. அளவை இன்னும் குறைத்தால் நிறைய மரங்களை வெட்ட வேண்டியிருக்கும், சரிவில் மண் அரிக்கும் என்பது அந்தத் தரப்பின் வாதம். ஆர்வலர்கள் இதை ஏற்கவில்லை. கனடாவில் குடியிருப்பு நிலத்துக்கான வழிகாட்டு அளவு 6.6. பக்கத்திலேயே சோலைக்காடும் நீரோடையும் இருக்கும்போது நமக்கு மட்டும் ஏன் 20 என்று கேட்டார்கள். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் 25-க்கு மேல் பாதரசம் இருந்த சேற்றை 1977 முதல் 1990 வரை தோண்டியெடுத்துக் கரையோரம் புதைத்து, அதன் மேல் 58 ஹெக்டேர் புதிய நிலமே உருவாக்கினார்கள். அங்கே சுடவில்லை, புதைத்தார்கள். ஒவ்வொரு ஊரும் ஒவ்வோர் எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. மண்ணை அதிகம் தோண்டினால் காடு கெடும் என்பது பொய்யில்லை. சுட்ட மண்ணில் மக்கும், நுண்ணுயிர்களும் பெரிதும் போய்விடும். அது மறுபடியும் விளைகிற மண்ணாக மாறப் பல காலம் ஆகும். ஆனால் மரத்தைக் காக்க விஷத்தைக் கொஞ்சம் விட்டுவைக்கலாம் என்று முடிவெடுக்கும்போது, அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கும் இதே கதைதான். 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது 2016 மார்ச்சில். அதுவும் 15 ஆண்டுகள் கழித்து.

மரக்காணத்தில் உப்பு வாருகிறவருக்குத் தெரியும், வெயிலின் வேலை சில நாட்களில் முடிந்துவிடும் என்று. வரப்பு கட்டுவதும், எந்தத் தண்ணீரை எந்தப் பாத்தியில் விடுவது என்று முடிவு செய்வதும்தான் மெனக்கெடுகிற வேலை. கொடைக்கானலிலும் உலைக்குத் தேவைப்பட்ட நேரம் குறைவு. 17 ஆண்டுகளைத் தின்றது முடிவெடுக்கும் வேலை. அந்தக் காலம் முழுக்க அதே மலைச் சரிவில் மழை பெய்துகொண்டுதான் இருந்தது. அடுத்த முறை ஓர் ஊருக்குள் இப்படி ஒரு தொழிற்சாலை வரும்போது, "எவ்வளவு வேலை கிடைக்கும்?" என்பதோடு "போகும்போது மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்து கொடுப்பீர்கள்?" என்றும் முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.