இரு பதிவேடுகளுக்கு நடுவே: கோல சிலாங்கூர் தோட்டப்புற மாணவரும் மூன்றாம் படிவத் தேர்வும்

முன்னுரை

மலேசியத் தமிழ்க் கல்வி பற்றிய பேச்சு நெடுங்காலம் ஆறாம் ஆண்டையே சுற்றி வந்தது. 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். எனும் ஆறாம் ஆண்டுத் தேர்வின் முடிவு வெளியானதும் ‘ஏழு ஏ’ பெற்ற பிள்ளைகளின் படங்கள் தமிழ் நாளேடுகளை நிறைத்தன. பள்ளியின் பெருமையும் அந்த எண்ணிக்கையாலேயே அளக்கப்பட்டது. அதே பிள்ளைகள் பின்னர் மூன்றாம் படிவத்தில் எழுதிய பொதுத் தேர்வு அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. தோட்டப்புற மாணவரின் அடைவு தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு மாறும் ஆண்டுகளிலேயே பெரிதும் முடிவாகிறது என்றும், வெளியிடப்பட்ட தேர்வு முடிவுகள் அந்த ஆண்டுகளைக் காட்டும்படி தொகுக்கப்படவில்லை என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. கோல சிலாங்கூர் மாவட்டமும் அதை அடுத்த உலு சிலாங்கூர் தோட்டங்களும் இதன் களம்.

சிறிய பள்ளியும் சராசரியும்

கோல சிலாங்கூர் மாவட்டத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையில்தான் தென்னமராம் தோட்டம் உள்ளது. மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக 1917இல் அங்குதான் நடப்பட்டது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டியிருந்தது. ஆகவே இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் தொடக்கத்திலேயே சிறியவை. தோட்டங்கள் கைமாறித் தொழிலாளர் பட்டணங்களுக்குப் பெயர்ந்ததும் அவை மேலும் சுருங்கின. 150 மாணவருக்குக் குறைவான பள்ளியைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என வகைப்படுத்துகிறது. முப்பதுக்கும் குறைந்தால் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துக் கூட்டு வகுப்பு நடத்த நேர்கிறது.

இத்தகைய பள்ளியைச் சராசரித் தரப்புள்ளியால் மதிப்பிடுவது பிழையில் முடியும். ஏ-க்கு 1, இ-க்கு 5 என்று கணக்கிடும் அம்முறையில் எண் குறையக் குறையத் தரம் உயரும். ஒரு பள்ளியில் ஆறு பேர் எட்டுத் தாள் எழுதுவதாகக் கொள்வோம். மொத்தம் 48 தரங்கள். எல்லாத் தாளிலும் பி வாங்கக்கூடிய ஒரு பிள்ளை, வீட்டில் நேர்ந்த ஒரு துயரத்தால் எட்டிலும் இ வாங்கினால் பள்ளியின் சராசரி 0.5 புள்ளி உயர்ந்து தரம் சரியும். 120 பேர் எழுதும் பட்டணப் பள்ளியில் அதே நிகழ்வு 0.025 மட்டுமே. முன்னதை ‘வீழ்ச்சி’ என்று அறிக்கை சொல்லும். பின்னதை எவரும் கவனிக்க மாட்டார். ஓராண்டு முடிவைக் கொண்டு தோட்டப் பள்ளிகளை வரிசைப்படுத்துவது ஆசிரியரின் உழைப்பை அளப்பதாகாது.

மொழி மாறும் ஆண்டுகள்

ஆறாண்டு தமிழில் கணிதமும் அறிவியலும் கற்ற பிள்ளை முதலாம் படிவத்தில் மலாய்மொழி வகுப்பில் அமர்கிறது. யு.பி.எஸ்.ஆர். மலாய்த் தாள்களில் போதிய தரம் பெறாதவர் ஓராண்டு பெராலிஹான் எனும் புகுமுக வகுப்பில் படித்தாக வேண்டியிருந்தது. அவர் மூன்றாம் படிவத்தை எட்டுகையில் வயது பதினாறு. தேர்ச்சி விழுக்காடோ தேர்வு எழுதியவர்களை மட்டுமே கணக்கில் கொண்டது. புகுமுக வகுப்பிலோ இரண்டாம் படிவத்திலோ பள்ளியை விட்டவர் எந்த விழுக்காட்டிலும் இல்லை. இடைநிலைப்பள்ளியின் முடிவு எல்லா மாணவரையும் ஒன்றாகவே தொகுத்ததால், தோட்டத்திலிருந்து வந்தவரின் நிலை அதிலும் தெரியவில்லை. தமிழ்ப்பள்ளியின் பதிவேடு ஆறாம் ஆண்டோடு முடிகிறது. இடையில் நேர்ந்த இழப்புக்குப் பொறுப்பேற்கும் நிறுவனம் இல்லை. தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி முட்டுச்சந்தாகிவிடுகிறது என்று பேராசிரியர் டி. மாரிமுத்து எழுதியதை இந்தக் கோணத்தில் மீண்டும் படிக்க வேண்டும்.

தமிழ்வழிக் கல்வியே இந்த இழப்புக்குக் காரணம் என்று சிலர் கூறுவர். இவ்வாதம் இரு இடங்களில் நிற்கவில்லை. முதலாவதாக, 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. 2009இல் அம்முடிவு கைவிடப்பட்டது. தோட்டப் பிள்ளைக்கு அம்மாற்றம் தடையை நீக்கவில்லை. முதலாம் படிவத்தில் எதிர்கொள்ள வேண்டிய மொழித் தடையை முதலாம் ஆண்டுக்கே கொண்டுவந்தது. இரண்டாவதாக, இரண்டாம் படிவ மாணவர் எழுதும் ‘டிம்ஸ்’ பன்னாட்டுத் தேர்வில் மலேசியாவின் கணிதப் புள்ளி 1999இல் 519, 2011இல் 440, 2023இல் 411. அத்தேர்வை எழுதியோரில் தமிழ்ப்பள்ளி வழி வந்தவர் சிறுபான்மையினர். கீழ்நிலை இடைநிலைக் கல்வியின் கணிதச் சரிவு நாடு முழுவதற்கும் உரியது. தமிழ்ப்பள்ளி மாணவர் அதன் மேல் மொழி மாற்றத்தின் சுமையையும் சேர்த்துத் தாங்குகிறார்.

தமிழ்ப் பாடத்தின் நிலையும் கருதத்தக்கது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால்தான் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு அமையும். ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் நான்கைந்து பேர் வெவ்வேறு பள்ளிகளுக்குச் சிதறும்போது அந்த எண்ணிக்கை எட்டாமல் போகலாம். தமிழ்ப்பிள்ளை நம்பிக்கையோடு எழுதக்கூடிய ஒரு தாள் அப்போது இல்லாமலாகிறது.

தேர்வு நீங்கிய பின்

மூன்றாம் படிவத் தேர்வாக 1993இல் வந்த பி.எம்.ஆர். 2014இல் பி.தி.3 ஆனது. யு.பி.எஸ்.ஆர். 2021இலும் பி.தி.3 2022இலும் நீக்கப்பட்டன. மனப்பாட ஓட்டத்திலிருந்து பிள்ளைகள் விடுபட்டது நன்மையே. ஆயினும் வகுப்பறை மதிப்பீடும் பள்ளி நடத்தும் ஆண்டிறுதித் தேர்வும் பள்ளி அளவிலேயே மதிப்பிடப்படுவதால், அவற்றைக் கொண்டு ஒரு வட்டாரத்தின் நிலையை ஒப்பிட முடியாது. ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு வரை காத்திருந்தால், இடையில் நின்றவர் அதிலும் இடம்பெறமாட்டார்.

முடிவுரை

தேர்வு திரும்ப வேண்டுமா என்பதைவிட, எந்த மதிப்பீட்டையும் எப்படித் தொகுப்பது என்பதே முதன்மையானது. ஒவ்வொரு மாணவரையும் அவர் படித்த தொடக்கப்பள்ளியின் பெயரால் மூன்றாம் படிவம் வரை பின்தொடர வேண்டும். சிறிய பள்ளிகளின் முடிவை மூன்றாண்டுச் சராசரியாக வட்டார வாரியாக வெளியிட வேண்டும். தேர்ச்சி விழுக்காட்டுடன் இடைநின்றவர் எண்ணிக்கையையும் அச்சிட வேண்டும். இதற்குப் புதிய தேர்வோ பெரும் செலவோ தேவையில்லை. மாவட்டக் கல்வி அலுவலகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இப்பணியை ஏற்காதவரை, தோட்டப் பள்ளிகள் மீது கூறப்படும் எந்தத் தீர்ப்பும் சான்றற்றதே.