சக்தி நுண்செயலியும் லினக்ஸும்

சக்தி என்பது ஐ.ஐ.டி. மெட்ராஸ் கணினி அறிவியல் துறையில் வடிவமைக்கப்பட்ட திறந்த மூல நுண்செயலிக் குடும்பம் ஆகும். பேராசிரியர் வி. காமகோடி தலைமையிலான ரைஸ் ஆய்வுக்குழு இதனை 2014 ஆம் ஆண்டில் ஒரு கல்வி முயற்சியாகத் தொடங்கியது. 2018 ஆம் ஆண்டில் இக்குடும்பத்தின் முதல் சில்லில் லினக்ஸ் இயங்குதளம் இயங்கியது. இன்டெல், ஏ.எம்.டி. செயலிகள் இல்லாத ஒரு கணினியில் லினக்ஸை இயக்கும்போது பழுது எங்கே என்று கண்டறிவது எளிதன்று. சக்தியின் வரலாறு அந்தப் பணியின் வரலாறும் ஆகும்.

பின்புலம்

கடைகளில் வாங்கும் மேசைக் கணினியில் லினக்ஸ் நிறுவுபவர் இயங்குதளத்தின் மூல நிரலைப் படிக்கலாம், திருத்தவும் செய்யலாம். ஆனால் அதற்குக் கீழே உள்ள நிலைபொருளும் செயலியின் வடிவமைப்பும் பெரும்பாலும் தயாரிப்பாளரின் உடைமை. அங்கே பிழை இருந்தால் அவர் திருத்தம் வெளியிடும் வரை காத்திருக்க வேண்டும். 2017 மே மாதத்தில் இன்டெல் நிறுவனத்தின் தொலைநிலை மேலாண்மைத் தொழில்நுட்பத்தில் கடுமையான பாதுகாப்புக் குறை ஒன்று வெளியானது. அதனை நீக்கக் கணினித் தயாரிப்பாளர்கள் தரும் நிலைபொருள் புதுப்பிப்பு தேவைப்பட்டது. இயங்குதளத்தை மாற்றுவதால் மட்டும் அக்குறை நீங்கவில்லை.

செயலி புரிந்துகொள்ளும் அடிப்படைக் கட்டளைகளின் தொகுதி 'கட்டளைத் தொகுதி' எனப்படும். அமெரிக்காவின் பெர்க்லி, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2010 ஆம் ஆண்டில் ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதி உருவாகத் தொடங்கியது. இதனைப் பயன்படுத்த எவரும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. சக்திக் குழு இதனையே தேர்ந்தெடுத்தது.

வடிவமைப்பு

சக்தி செயலிகள் புளூஸ்பெக் சிஸ்டம் வெரிலாக் என்னும் வன்பொருள் விவரிப்பு மொழியில் எழுதப்பட்டவை. மூல நிரல் பி.எஸ்.டி. உரிமத்தில் வெளியிடப்பட்டுள்ளது. சிறிய கருவிகளுக்கு ஈ வகை, லினக்ஸ் போன்ற முழு இயங்குதளத்திற்கு சி வகை எனப் பல வகைகள் உண்டு. சி வகைச் செயலி ஐந்து கட்டங்களில் கட்டளைகளை அவை வரும் வரிசையிலேயே நிறைவேற்றுகிறது.

முதல் சில்லுகள்

2018 ஆம் ஆண்டில் ரைஸ்கிரீக் என்னும் முதல் சில்லு வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள இன்டெல் ஆலையில், 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில், முதல் தொகுதியாக 300 சில்லுகள் செய்யப்பட்டன. 400 மெகாஹெர்ட்ஸ் வேகம் கொண்ட இதில் லினக்ஸ் தொடங்கியது. அதே ஆண்டில், சண்டிகருக்கு அருகே மொகாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் ரிமோ என்னும் சில்லு செய்யப்பட்டது. வடிவமைப்பும் உற்பத்தியும் இந்தியாவிலேயே நடந்ததால் ரிமோ கவனம் பெற்றது.

அந்தக் காலத்தில் லினக்ஸ் தரப்பிலும் பணி முடிந்திருக்கவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கருனியில் ரிஸ்க்-ஃபைவ் ஆதரவு 4.15 பதிப்பில், 2018 ஜனவரியில் சேர்ந்தது. ஆனால் நேரங்காட்டி, குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தி ஆகியவற்றுக்கான இயக்கிகள் அதில் இல்லை. அதனால் அப்பதிப்பை மட்டும் கொண்டு ஒரு கணினியைத் தொடங்க முடியாது. அக்குறை அதே ஆண்டு அக்டோபரில் வந்த 4.19 பதிப்பில்தான் நீங்கியது. புதிய சில்லு, புதிய நிலைபொருள், முழுமை பெறாத கருனி ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில் சேர்ந்தன.

கணினி தொடங்கும் வரிசை

பழுதைக் கண்டறியத் தொடங்கும் வரிசை தெரிந்திருக்க வேண்டும். மின்சாரம் வந்ததும் செயலி ஒரு குறிப்பிட்ட முகவரியிலிருந்து கட்டளைகளைப் படிக்கத் தொடங்குகிறது. அங்கே சில்லுக்குள் நிலையாகப் பதிந்த சிறு நிரல் இருக்கும். அது அடுத்த கட்ட நிலைபொருளை நினைவகத்தில் ஏற்றுகிறது. ரிஸ்க்-ஃபைவ் கணினிகளில் இப்பணிக்கு முதலில் பெர்க்லி பூட் லோடரும் பின்னர் ஓப்பன் எஸ்.பி.ஐ. என்னும் திறந்த மூல நிரலும் பயன்பட்டன. நிலைபொருள் கருனியிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. கருனி கோப்பு முறைமையைக் கண்டுபிடித்து முதல் நிரலை இயக்குகிறது.

வழக்கமான கணினியில் எந்த வன்பொருள் எங்கே உள்ளது என்பதை பயாஸ் போன்ற நிலைபொருள் இயங்குதளத்திற்குத் தெரிவிக்கும். இங்கே அப்பணியைச் 'சாதன மரம்' என்னும் பட்டியல் செய்கிறது. நினைவகத்தின் தொடக்க முகவரி, அதன் அளவு, கடிகார வேகம், துறைகள் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். அதில் ஓர் எண் தவறினாலும் நல்ல வன்பொருள் பழுதானது போலத் தோன்றும்.

பழுது கண்டறிதல்

புதிய பலகையில் பெரும்பாலும் திரை இயங்காது. தொடர் துறை வழியாக வேறொரு கணினிக்கு வரும் எழுத்துகளே முதல் சான்று. அவற்றைக் கொண்டு பழுதின் இடத்தை இவ்வாறு சுருக்கலாம்:

- ஓர் எழுத்தும் வராவிட்டால் மின்னழுத்தம், கடிகாரம், மீட்டமைப்பு இணைப்பு, கம்பி இணைப்பு ஆகியவற்றை முதலில் சோதிக்க வேண்டும்.
- பொருளற்ற குறிகள் வந்தால் செயலி இயங்குகிறது என்று பொருள். தொடர்பு வேகம் பொருந்தவில்லை அல்லது கடிகார வேகம் தவறாகக் குறிக்கப்பட்டுள்ளது.
- நிலைபொருளின் செய்தி வந்து கருனி பேசாவிட்டால், கருனி ஏற்றப்பட்ட முகவரியையும் சாதன மரத்தையும் பார்க்க வேண்டும்.
- கருனி பல வரிகள் எழுதி, கோப்பு முறைமை இல்லை என்று நின்றால், சேமிப்பகத்தின் இயக்கி அல்லது தொடக்க அளவுருக்களில் பிழை இருக்கலாம்.

எழுத்துகள் போதாதபோது ஜேடேக் என்னும் சோதனைத் துறை வழியாகச் செயலியை நிறுத்தி, அது எந்தக் கட்டளையில் நிற்கிறது என்று பார்க்கலாம். ஓப்பன் ஓ.சி.டி., ஜி.டி.பி. ஆகிய திறந்த மூல நிரல்கள் இதற்கு உதவுகின்றன. வடிவமைப்பின் மூல நிரல் கையில் இருப்பதால், தேவைப்பட்டால் அக்கட்டளையைச் செயலி எவ்வாறு நிறைவேற்றுகிறது என்பது வரை தேடிச் செல்ல முடியும்.

சில்லில் தங்கும் பிழை

மறுநிரலாக்கச் சில்லான எஃப்.பி.ஜி.ஏ.வில் வடிவமைப்பைச் சோதிக்கும்போது பிழை கண்டால் திருத்தி மீண்டும் ஏற்றலாம். சிலிக்கானில் வார்த்த பிறகு அது இயலாது. மென்பொருள்தான் பிழையைச் சுற்றிச் செல்ல வேண்டும்.

சைஃபைவ் நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் அறிவித்த ஹைஃபைவ் அன்மாட்ச்டு இதற்கு எடுத்துக்காட்டு. இது மேசைக் கணினிப் பெட்டியில் பொருந்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் தாய்ப்பலகை. இதன் செயலியில் நினைவக முகவரிக் குறிப்புகளில் ஒன்றை மட்டும் நீக்கும் கட்டளை நம்பகமாக வேலை செய்யவில்லை. எல்லாக் குறிப்புகளையும் ஒருசேர நீக்கும் மாற்று வழி 2021 ஆம் ஆண்டில் லினக்ஸ் கருனியில் சேர்க்கப்பட்டது. இதனால் சற்று நேரம் கூடினாலும் கணினி சரியாக இயங்கியது.

பின்னைய வளர்ச்சி

2020 செப்டம்பரில் மௌஷிக் என்னும் மூன்றாவது சில்லு அறிவிக்கப்பட்டது. இது பொருள்களின் இணையக் கருவிகளை நோக்கமாகக் கொண்டது. சில்லு மொகாலியிலும் தாய்ப்பலகை பெங்களூரிலும் செய்யப்பட்டன. அதே ஆண்டில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், சக்தியையும் சி-டாக் நிறுவனத்தின் வேகா செயலியையும் கொண்டு சுதேசி நுண்செயலிப் போட்டியை அறிவித்தது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவுடன் இணைந்து உருவாக்கிய ஐரிஸ் என்னும் விண்வெளிப் பயன்பாட்டுச் சில்லு அறிவிக்கப்பட்டது. அதன் பலகை சென்னையில் பொருத்தப்பட்டது.

உலக அளவில் டெபியன் லினக்ஸ் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13 ஆம் பதிப்பில் 64 பிட் ரிஸ்க்-ஃபைவை முதன்முறையாக அதிகாரபூர்வமாக ஆதரித்தது.

கல்விப் பயன்பாடு

சக்தியைக் கற்கச் சில்லு உற்பத்தி ஆலை தேவையில்லை. ஆர்ட்டி என்னும் எஃப்.பி.ஜி.ஏ. பலகைகளில் ஏற்றுவதற்குப் பினாகா, பரசு, வஜ்ரா என்னும் வடிவங்கள் வெளியிடப்பட்டுள்ளன. இவற்றுள் வஜ்ரா 64 பிட் சி வகையைச் சேர்ந்தது. வேலூர், ஆம்பூர் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரி ஆய்வகத்திலும் ஒரு பலகையும் லினக்ஸ் நிறுவிய ஒரு கணினியும் இருந்தால், செயலி முதல் இயங்குதளம் வரை மாணவர்கள் தாங்களே சோதித்துப் பார்க்கலாம்.

மதிப்பீடு

சக்தி சில்லுகள் இன்றைய மேசைக் கணினிச் செயலிகளுக்கு வேகத்தில் ஈடாகா. முதல் சில்லு வெளிநாட்டு ஆலையில்தான் செய்யப்பட்டது. உள்நாட்டு ஆலையின் 180 நானோமீட்டர் தொழில்நுட்பம் பழையது. வடிவமைப்பு திறந்ததாக இருந்தாலும் உற்பத்தி அவ்வாறு இல்லை. எனினும் பழுது ஏற்படும்போது கருனியோடு தேடலை நிறுத்திக்கொள்ள வேண்டிய நிலை இங்கே இல்லை. நிலைபொருளையும் செயலியின் வடிவமைப்பையும் திறந்து பார்த்துக் காரணத்தைக் காணும் வாய்ப்பை சக்தி தமிழ்நாட்டு மாணவர்களுக்கு அளித்துள்ளது.